பரங்கிப்பேட்டையில் ஒரு பினாங்கு டீ

சென்ற மாதம் மஞ்சக்குப்பத்தில் புதிதாகத் திறந்த பெரிய மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு டீத்தூள் கம்பெனிக்காரர்கள் மேஜை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சீருடை போட்ட ஒரு பெண் மெஷினில் பொத்தானை அழுத்தினாள். காகிதக் கப்பில் நுரையோடு டீ விழுந்தது. குடித்துவிட்டு, "நானும் ஒரு காலத்துல இதே வேலைதாம்மா பாத்தேன்" என்றேன்.

"அப்பவே கடையில மேஜ போட்டீங்களா?"

"இல்ல. வூடு வூடாப் போயி, அடுப்பு பத்தவச்சு, போட்டுக் காட்டணும்."

"தெரியாதவங்க வூட்டுக்குள்ளயா? பயமா இருக்காதாம்மா?"

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. அந்த வேலையில் இருந்த வருடங்களில் அந்தப் பயம் இல்லாமல் நான் எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை.

அறுபதுகளின் ஆரம்பம் அது. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தார். ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் வண்டியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நான் பள்ளி இறுதி வகுப்பு முடித்தவள். ஒரு தேயிலைக் கம்பெனியில் பெண்கள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, சென்னைக்குப் போய் நேர்முகம் கொடுத்தேன். அங்கேயே ஒரு மாடி அறையில் சில வாரம் பயிற்சி. காலையிலிருந்து மாலை வரை டீ போட்டோம், குடித்தோம், துப்பினோம். அதற்குமேல் அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலையைக் கற்றுக்கொண்டது கடலூரிலும் சிதம்பரத்திலும்தான்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் வீட்டில் காப்பிதான். டீ என்றால் கடையில் ஆண்கள் நின்றுகொண்டு குடிப்பது. வீட்டுப் பெண்கள் கையால் டீ போட வைக்க வேண்டும், அதுதான் எங்கள் வேலை. ஒரு தெருவில் ஒரு வீட்டைப் பேசி வைப்போம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்காருவார்கள். நான் ஸ்டவ், கெட்டில், வடிகட்டி, டம்ளர்கள் எல்லாம் வைத்த பையோடு போய், அவர்கள் முன்னால் போட்டு, ஆற்றி, ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பேன். குழந்தைகள் என்னை 'டீச்சர்' என்பார்கள், பெரியவர்கள் 'டீக்காரம்மா' என்பார்கள்.

எனக்கு மேலே இன்ஸ்பெக்டராக இருந்தவர் ஞானப்பிரகாசம் சார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். சத்தமாகப் பேச மாட்டார். திட்டவும் மாட்டார். நான் டீ போடும்போது என் கையைப் பார்க்கவே மாட்டார். குடிக்கிற பெண்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் அவருக்கு ஒரு டம்ளர் கொடுப்பேன். வாயில் வைக்குமுன் மூக்கருகே கொண்டுபோவார். ஒரு வாய் குடித்துவிட்டு, நல்லது, கெட்டது எதுவும் சொல்லாமல் கைக்குட்டையால் மீசையை ஒற்றிக்கொள்வார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒற்றலுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே படுத்திருப்பேன்.

அவர் சொல்லிக் கொடுத்த முறை இது. தண்ணீர் முதல் கொதி வந்ததும் இறக்கு, தளதளவென்று கொதித்து அடங்க விடாதே. தூளைப் போட்டு மூடி வை, எட்டி எட்டிப் பார்க்காதே. பாலைத் தனியாகக் காய்ச்சு. வடிகட்டி, பால், சர்க்கரை சேர்த்த பிறகு ஆற்று. "ஆத்தாம யாருக்கும் குடுக்காதீங்க ராஜேஸ்வரி. நொர இல்லாத டம்ளரப் பாத்தா யாரோ குடிச்சிட்டு வச்ச மாதிரி இருக்கும்" என்பார். காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லக்கூடாது. வீட்டுக்காரர்களின் பாலை நாம் தொடக்கூடாது, அவர்களையே ஊற்றச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: "அவுங்க வூட்டு விசயம் எதுலயும் தலையிடக் கூடாது. டீயப் பத்திப் பேசுங்க, எந்திரிச்சி வந்துடுங்க. ஒரு வூட்டுக்கு ஒரு தடவதான்."

சேர்ந்த புதிதில் சிதம்பரத்தில் தேரோடும் வீதி ஒன்றில் ஒரு பெரிய வீடு. அடுப்படிக்குள் எனக்கு இடம் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். நடையில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டேன். சார் வாசல்பக்கம் நாற்காலியில் இருந்தார். அந்த வீட்டம்மா பளபளவென்று தேய்த்த பித்தளைச் செம்பில் பாலைக் கொண்டுவந்து, என் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றினார். ஊற்றிய மறு நிமிடம் பால் திரிந்து, டீயின் மேல் பூப்பூவாக மிதந்தது. உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இந்தத் தூள்ல என்னத்த கலந்திருக்காளோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

சார் எழுந்து வந்தார். கெட்டிலைத் தொடவில்லை. அந்தப் பித்தளைச் செம்பை அனுமதி கேட்டு வாங்கி, உள்ளே மோந்து பார்த்தார். புளி போட்டுத் தேய்த்ததைச் சரியாக அலசவில்லை. ஆனால் அதை அவர் சொல்லவில்லை. "எங்க கெட்டில்ல ஏதோ கோளாறுங்கம்மா, மன்னிக்கணும். ஈயம் பூசின பாத்திரத்துல பால் குடுத்தீங்கன்னா மறுபடியும் போட்டுக் காட்டச் சொல்றேன்" என்றார். மறுபடி போட்டேன், நன்றாக வந்தது. ரயிலில் திரும்பும்போது என்னிடம், "எந்தப் பாத்திரத்தையும் மோந்து பாக்காம வாங்காதீங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டம்மாவைக் காப்பாற்ற அவர் தன் கெட்டிலைக் குற்றவாளியாக்கியது எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆனால் இதே மனிதர் முன் என்றைக்காவது நான் தவறோடு நிற்க நேர்ந்தால் என்ன ஆகும் என்ற பயமும் அன்றுதான் பிடித்துக்கொண்டது.

நேர்ந்தது. அது பரங்கிப்பேட்டையில்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். அங்கே முஸ்லிம் தெருக்களில் பல வீடுகளில் ஆண்கள் மலேயா, சிங்கப்பூர், பினாங்கு என்று போயிருப்பார்கள். அப்படி ஒரு வீட்டில் செய்முறை காட்டப் போனேன். வீட்டுத் தலைவி ரஹ்மத் மாமி. அவருடைய மகன் தாவூது பினாங்கில் சொந்தமாகக் கடை வைத்திருப்பதாகப் பேச்சு வாக்கில் மாமியே பலதரம் சொன்னார். மகள் ஜுலைகாவுக்குப் பண்ருட்டி முந்திரி மண்டிக்காரர் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அண்ணன் பெரிய கடைக்காரன் என்பதால் வந்த சம்பந்தம் அது. தாவூதின் மனைவி மைமூன். தாய் தகப்பன் இல்லாதவள், மாமியாரோடு இருந்தாள்.

செய்முறை முடிந்து கிணற்றடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது மைமூன் வந்து என் பக்கத்தில் குந்தினாள். அவர்கள் பேச்சில் லாத்தா என்றால் அக்கா.

"லாத்தா, ஒண்ணு கேக்கட்டா? ஒங்களுக்கு பினாங்கு டீ போடத் தெரியுமா?"

"அது என்னா டீ?"

"டின்னு பாலு ஊத்திப் போடுவாங்களாம். இப்புடி கையத் தூக்கி, நீளமா இழுத்து ஆத்துவாங்களாம். நொர அப்புடியே நிக்குமாம், அமுங்காதாம். அவரு அடுத்த மாசம் வர்றாரு லாத்தா. அங்கேருந்து வந்த ஆள் ஒருத்தரு டின்னுங்களக் குடுத்துட்டு, 'தாவூதுக்கு டீ இல்லாம பொழுது விடியாது'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு."

"அதுக்கென்ன, எனக்குத் தெரிஞ்ச டீயக் குடு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எதிர்த்த வூட்டு மச்சான் வந்தாரு பாருங்க போன வருசம், அவருக்கு அங்க இன்னொரு குடும்பம் இருந்துச்சு. புள்ளைங்க படத்தப் பெட்டியில வச்சிருந்தாரு. இவருக்கு அங்க யாரு டீ போட்டுக் குடுத்தாங்களோ, யாருக்குத் தெரியும்? கல்யாணம் பண்ணி அந்த வருசமே கப்பலேறிட்டாரு. எனக்கு அவரு மொகமே சரியா ஞாபகத்துல இல்ல லாத்தா. மீச வச்சிருந்தாரா இல்லியான்னு மாமிகிட்ட கேக்க வெக்கமா இருக்கு."

டீயைப் பற்றிப் பேசுங்கள், எழுந்து வந்துவிடுங்கள் என்று சாரின் குரல் காதில் கேட்டது. ஆனால் அவள் கேட்டதும் டீயைப் பற்றித்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு சிதம்பரத்தில் வேலை இருக்கிற நாட்களில், திரும்பும் வழியில் பாசஞ்சர் வண்டியிலிருந்து பரங்கிப்பேட்டையில் இறங்கிவிடுவேன். யாராவது பார்த்து சாரிடம் சொல்லிவிடுவார்களோ என்று ஸ்டேஷனிலேயே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். மாமி பகல் தொழுகை முடித்துச் சற்றுப் படுக்கிற நேரம் அது. நாங்கள் இரண்டு பேரும் பின்கட்டில்.

எனக்கே தெரியாத ஒன்றை நான் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் இரண்டு எனாமல் குவளைகளில் வெறும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஆற்றிப் பழகினோம். மேல் கையைத் தூக்கினால் தண்ணீர் கீழ்க் குவளைக்கு வெளியே போயிற்று. மேல் கையை அப்படியே வைத்து, கீழ்க் கையை மெல்ல இறக்கினால் தாரை உடையாமல் வந்தது. கண் கீழ்க் குவளையில் இருக்க வேண்டும். கை நீளம் பழகியதும் டீக்கு வந்தோம். என் முறைப்படி போட்ட டீ இதற்கு ஆகவில்லை, தண்ணீராக இருந்தது. தூளை அள்ளிப் போட்டு, கம்பெனி வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் செய்து, நன்றாகக் கொதிக்கவிட்டுக் கறுப்பாக இறக்கினோம். துணியில் வடித்தோம். டின்னில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, அந்தக் கெட்டிப் பாலைக் குவளைக்குள் கயிறு மாதிரி விட்டோம். அதில் சூடான டீயை ஊற்றி இழுத்தபோது நுரை வந்தது. வந்த வேகத்தில் அமுங்கிவிட்டது.

அப்படிப் பல தரம். ஒரு தரம் தாரை விலகி மைமூனின் இடது மணிக்கட்டில் விழுந்தது. அவள் கத்தவில்லை, மாமி எழுந்துவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்த மணிக்கட்டைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டே, "நொர நின்னுதா லாத்தா?" என்றாள்.

நின்றிருந்தது. டம்ளர் விளிம்புக்கு மேலே, பழுப்பாக, சின்னச் சின்னக் கண்ணாக. ஆளுக்குப் பாதி குடித்தோம். தித்திப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

தாவூது வந்தார். கப்பலில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து ரயிலில். அவர் வந்து ஒரு வாரம் கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது மைமூன் முகம் வாடியிருந்தது.

"டீயே வேணாங்கறாரு லாத்தா. மொத நாளே, 'டீ போடவா மச்சான்'னு கேட்டேன். கையெடுத்துக் கும்புடாத கொறயா, வேணாம்னுட்டாரு. காப்பி குடிக்கிறாரு, கஞ்சி குடிக்கிறாரு. பள்ளிவாசல்ல பாங்கு சொல்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சி, அடுப்படி வாசல்ல வந்து நிக்கிறாரு. என்னான்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, பழக்கம்'ங்கறாரு. யாரு நெனப்புல நிக்கிறாரு? யாரு பழக்கம் அது?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மைமூனே பேச்சை மாற்றினாள். "நாளன்னிக்கு பண்ருட்டி மாமி வர்றாங்க. நீங்க எனக்குப் பழக்குனது எங்க மாமிக்குத் தெரிஞ்சிடுச்சு, அந்த டீயவே போடச் சொல்லிட்டாங்க. பினாங்குலேருந்து டின்னு பாலு வந்தது அவுங்களுக்குத் தெரியணுமாம். நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க லாத்தா, கை ஒதறுது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சிதம்பரத்தில் என் வேலை மதியத்தோடு முடிந்தது.

மாப்பிள்ளையின் தாயார் ஹாஜரா மாமி கனத்த உடம்பு, கூர்மையான கண். அவரும் கூட வந்த பெண்களும் பின்கட்டில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் யாரும் வரவில்லை. ரஹ்மத் மாமி, "எம் மவன் கடையில சாமான் எறக்கவே தனியா ஆள் வச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மைமூன் குவளைகளை எடுத்தாள். புகைபோல ஆவி வந்தது. முதல் இழுப்பு சரியாக வந்தது. பெண்கள் "அட" என்றார்கள். அந்த 'அட'தான் அவளைக் கெடுத்தது. இரண்டாவது இழுப்பில் கையை அளவுக்கு மீறி இறக்கினாள். தாரை வளைந்து, ஆறாத அந்த மணிக்கட்டை நோக்கிப் போயிற்று.

எதற்கோ உள்ளே வந்த தாவூது வாசற்படியில் நின்றிருந்தார். "வுடு, வுடு, வுடு" என்று பாய்ந்து வந்து இரண்டு குவளைகளையும் அவள் கையிலிருந்து பிடுங்கினார். அதற்குமேல் ஒரு சொட்டு கீழே விழவில்லை.

அத்தோடு அவர் வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கைகள் நிற்கவில்லை. டீயை ஒரு சுற்றுச் சுற்றினார். வலது கை தலைக்கு மேலே போயிற்று, இடது கை முட்டிக்குக் கீழே இறங்கியது. நடுவில் பழுப்புத் துணியை விரித்த மாதிரி டீ தொங்கியது. அவர் குவளையைப் பார்க்கக்கூட இல்லை. திரும்ப, மறுபடி, மறுபடி. கடைசி இழுப்பில் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி, வரிசையாக இருந்த டம்ளர்களில் சமமாக ஊற்றினார். ஒவ்வொன்றிலும் நுரை ஒரே உயரத்தில் நின்றது. பிறகுதான் தன்னைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

ஹாஜரா மாமி ஒரு டம்ளரை எடுத்தார், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, மொதலாளி கை மாதிரி தெரியலயே."

ரஹ்மத் மாமி அவசரமாக, "கடைன்னா எல்லா வேலயும் தெரியணுமில்ல" என்றார்.

தாவூது குவளைகளைக் கீழே வைத்தார். முகம் வெளுத்திருந்தது. உம்மாவைப் பார்த்தார், தங்கை ஜுலைகா நின்ற கதவைப் பார்த்தார். எனக்கு அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட வேண்டுமே என்றிருந்தது.

"இல்ல மாமி" என்றார். "எனக்குக் கடை இல்ல. இன்னொருத்தர் கடையில டீ ஆத்துறேன். அங்க போன நாள்லேருந்து அதான் வேல. உம்மா ஊருல கடைன்னு சொல்லிட்டாங்க, நானும் இல்லேன்னு எழுதல."

ஹாஜரா மாமி டம்ளரை அப்படியே வைத்தார். எழுந்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். போய்விட்டார்கள். யாரும் வாய் வைக்காத டம்ளர்களில் நுரை மட்டும் கலையாமல் நின்றது. ரஹ்மத் மாமி பாயில் உட்கார்ந்து, கண்ணீரோடு என்னைப் பார்த்தார். "நீ யாருடி எங்க வூட்ல? ஒன்ன யாரு வரச் சொன்னா? ஒரு டீய ஆத்தி எம் மவ வாழ்க்கையக் கவுத்துட்டியேடி."

அன்று எப்படி ஸ்டேஷனுக்கு நடந்தேன் என்று தெரியாது.

அடுத்த வாரம் சார் கூப்பிட்டார். மாமியின் தம்பி கடலூர் ஆபீசுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்த வூட்டுக்கு ஒரு தடவதான் போனீங்களா?"

"இல்ல சார். பல தடவ போனேன்."

"எதுக்கு?"

சொன்னேன். மைமூன் கேட்டது, கிணற்றுத் தண்ணீரில் பழகியது, மணிக்கட்டில் சுட்டது, எல்லாம். என் வீட்டுக்காரர் கண்ணைப் பற்றி, வீட்டு நிலைமையைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை.

"நாம டீ விக்கிறவங்க ராஜேஸ்வரி. ஒரு கல்யாணம் நின்னு போச்சுன்னா அந்தத் தெருவுல அப்புறம் நாம போயி நிக்க முடியாது. நீங்க எந்தத் தெருவுலயும் நிக்க முடியாது." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நாளைக்கு அங்க போவோம். நான் மன்னிப்புக் கேக்கறேன். ஒங்க வேலையப் பத்தி வந்தப்புறம் பேசுவோம்" என்றார்.

மறுநாள் காலை வண்டியில் போனோம். வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கதவுக்குப் பின்னால் ரஹ்மத் மாமி. "அம்மா, எங்களால உங்க வூட்டுக்கு வருத்தம் வந்துடுச்சு. பெரிய மனசு பண்ணணும்" என்றார். நெடுநேரம் கழித்து, "உள்ள வந்து குந்துங்க. அவன் பண்ருட்டிக்குப் போயிருக்கான்" என்று குரல் வந்தது.

தாவூது விடிகாலையிலேயே பஸ் ஏறியிருக்கிறார். மண்டிக்காரரை நேரில் பார்த்துப் பேசப் போகிறேன், தடுக்காதீர்கள் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு. மாமி போகச் சொல்லாததால் நாங்களும் காத்திருந்தோம். சார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் தூணருகே. உள்ளே ஜுலைகா அழுது ஓய்ந்து விசும்புகிற சத்தம். தெருவில் ஏதாவது வண்டி வந்தால் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்கும், வண்டி தாண்டிப் போனதும் அடங்கிவிடும். ஒருமுறை மைமூன், "மாமி, வந்தவங்களுக்கு டீ..." என்று தொடங்கி, அந்த வார்த்தையைச் சொன்னதற்கே பயந்து நிறுத்திக்கொண்டாள்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. முதலில் தாவூது இறங்கினார். பிறகு அவர் கை கொடுக்க, ஒரு பெரியவர் இறங்கினார். பண்ருட்டி மண்டிக்காரர். சலாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், உள்கதவைப் பார்த்துச் சத்தமாகப் பேசினார்.

"தங்கச்சி, நல்லா கேட்டுக்கங்க. மண்டியில மூட்ட எறக்குற நேரத்துல ஒங்க மவன் வந்து நின்னான். நான் டீ ஆத்துறவன், கடக்காரன் இல்ல, எந் தங்கச்சிக்கு இதுல பங்கில்லன்னான். நான் சிங்கப்பூர்ல என்னா வேல பாத்தேன்னு எம் பொண்டாட்டிக்கு இன்னிக்குக் காலையில வரைக்கும் தெரியாது. ஏஜெண்டுன்னு சொல்லி வச்சிருந்தேன். துறமுகத்துல மூட்ட தூக்குனேன். தோளு இன்னும் ஒரு பக்கம் சாஞ்சிதான் இருக்கு. இன்னிக்கு இந்தப் பையன் முன்னாடி வச்சே அவகிட்ட சொன்னேன். ரெண்டு நாளு பேச மாட்டா, அப்புறம் பேசுவா. பேசின தேதியில கல்யாணம் நடக்கும்."

கதவுக்குப் பின்னால் ரஹ்மத் மாமி விம்மி அழுதார். சார் தன் கைக்குட்டையை எடுத்தவர், என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

நான் பின்கட்டுக்குப் போனேன். மைமூன் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கேட்டுட்டேன் லாத்தா, அன்னிக்கே. அங்க யாராவது இருக்காங்களா மச்சான்னு. 'கடைக்குள்ளயே படுத்து, கடைக்குள்ளயே எந்திரிச்சவன்டி நான், குடும்பத்த எங்க கொண்டு வச்சிருப்பேன்'னாரு. டீய ஏன் வேணாம்னீங்கன்னேன். 'அந்த வாசன வந்தா மொதலாளி கூப்புடுற மாதிரியே இருக்கு'ன்னாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன வருசமா ஒரு பெரிய மொதலாளிய நெனச்சு பயந்துக்கிட்டு இருந்தேன். வந்தது சாதாரண மனுசன்."

திரும்பும் வண்டியில் சார் என் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. கடலூரில் இறங்கும்போது, "நாளைக்குத் திட்டக்குடியில மூணு வூடு சொல்லி வச்சிருக்கேன். வண்டிய வுட்டுடாதீங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகும் அவர் முன் டீ போடும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் ஓய்வு பெறும்வரை அந்தப் பயம் இருந்தது.

ஜுலைகா கல்யாணம் நடந்தது. தாவூது திரும்பக் கப்பலேறவில்லை. மண்டிக்காரர் கொஞ்சம் கை கொடுக்க, சிதம்பரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை போட்டார். அவர் ஆற்றுவதைப் பார்க்கவே காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக நிற்பார்கள். மைமூனும் அவரும் அங்கேயே கடைக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

ஒருநாள் மதியம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். தாவூது கடையைச் சாத்திவிட்டு வந்து, கை கழுவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மைமூன் அவருக்கு டீ கொண்டுவந்தாள். அவள் அதை இழுக்கவும் இல்லை, ஆற்றவும் இல்லை. பாத்திரத்திலிருந்து அப்படியே டம்ளரில் ஊற்றியது. மேலே ஒரு பொட்டு நுரை கிடையாது. நான் அவளைப் பார்த்தேன்.

"வூட்ல இப்புடித்தான் கேக்கறாரு லாத்தா" என்றாள்.

தாவூது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் குடித்தார்.